அமீபா தாக்கிய கருவிழிக்கு ஒளிச் சிகிச்சை: எப்படிச் சோதிக்கிறார்கள், எதை நம்பலாம்?

திருவொற்றியூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கும் கேள்விக்கு இந்தப் பதிலை எழுதுகிறேன். அவருடைய அக்காவின் கருவிழியில் அக்காந்தமீபா என்ற ஒட்டுண்ணி தொற்றியிருக்கிறது. மூன்று மாதங்களுக்கு மேலாகச் சொட்டு மருந்து விட்டும் புண் முழுதாக ஆறவில்லை. கண்ணில் ஒரு சாயத்தை ஊற்றிப் பச்சை ஒளி பாய்ச்சும் சிகிச்சை ஆய்வு நிலையில் இருக்கிறது என்றும், விருப்பமிருந்தால் சேரலாம் என்றும், யாருக்கு உண்மையான ஒளி கிடைக்கும் என்பது குலுக்கல் முறையில்தான் முடிவாகும் என்றும் மருத்துவர் சொல்லியிருக்கிறார். "ஒளி கிருமியைக் கொல்லும் என்று தெரிந்தால் எல்லோருக்கும் கொடுத்துவிடலாமே, குலுக்கல் எதற்கு? 72 சதவீத வெற்றி என்று படித்தேன். அக்காவை இதில் சேர்க்கலாமா?" என்று கேட்கிறார்.

நான் கண் மருத்துவன் அல்லன். கண் தொற்றுகளுக்கான நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் சென்னையில் நெடுங்காலம் பணியாற்றியவன். ஆகவே உங்கள் அக்காவின் கண்ணைப் பார்த்துச் சொல்ல வேண்டியதை அவருடைய மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் இத்தகைய சிகிச்சையை எப்படிச் சோதிக்க வேண்டும், எந்தச் சோதனை எதை நிரூபிக்கும், எதை நிரூபிக்காது என்பதைப் பற்றி என்னால் உறுதியாகப் பேச முடியும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குலுக்கல் இல்லாமல் பணம் கட்டிப் பெறும் ஒளிச் சிகிச்சையைவிட, குலுக்கல் உள்ள ஒழுங்கான ஆய்வில் சேர்வதே உங்கள் அக்காவுக்குப் பாதுகாப்பானது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை விளக்கத்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது.

முதலில் இந்த உயிரியைப் பற்றி. அக்காந்தமீபா மண்ணிலும் குழாய் நீரிலும் நீச்சல் குளத்திலும் தனியாகவே வாழக்கூடிய ஒற்றைச் செல் உயிரி. நம் வீடுகளின் சம்ப்பிலும் மேல்நிலைத் தொட்டியிலும் வழுவழுப்பாகப் படியும் படலம் இதற்கு நல்ல உணவுக் களம். மனிதக் கண்ணில் இது நோய் உண்டாக்குவதை மருத்துவ உலகம் 1970களின் முற்பகுதியில்தான் கண்டுகொண்டது. மேலை நாடுகளில் பெரும்பாலும் கான்டாக்ட் லென்ஸ் அணிபவர்களிடம் இந்நோய் காணப்படுகிறது. இந்தியாவில் நிலைமை வேறு: கண்ணில் தூசியோ இலையோ பட்டுக் கீறல் விழுந்தவர்கள், அசுத்த நீரால் கண்ணைக் கழுவியவர்கள் என்று லென்ஸே அணியாதவர்கள்தான் இங்கே பெரும்பான்மை. இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ் அணிபவர் கண் சிவந்தவுடன் மருத்துவமனைக்குப் போகிறார். வயலில் அடிபட்டவர் மருந்துக் கடையில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை வாங்கிப் பல நாள் ஊற்றிவிட்டு, தொற்று ஆழத்துக்குப் போன பிறகு வருகிறார். ஓர் ஊரில் செய்த சோதனையின் முடிவு இன்னோர் ஊருக்கு அப்படியே பொருந்தாமல் போவதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

இந்த அமீபாவுக்கு இரண்டு நிலைகள் உண்டு. ஊர்ந்து திரிந்து உண்ணும் நிலை ஒன்று. சூழல் பாதகமானால் தன்னைச் சுற்றி இரட்டைச் சுவர் எழுப்பிக்கொண்டு உள்ளே அடங்கிவிடும் சிஸ்ட் நிலை மற்றொன்று. அந்த உட்சுவரில் செல்லுலோஸ் இருக்கிறது, அதாவது மரத்துக்கு உறுதி தரும் அதே பொருள். ஆய்வகத்தில் சேமித்து வைத்த சிஸ்ட்டுகள் 20 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிர்த்தெழுந்திருக்கின்றன. ஊர்ந்து திரியும் அமீபாவைக் கொல்லப் பல மருந்துகள் இருக்கின்றன. சிஸ்ட்டைக் கொல்லும் மருந்துகள் மிகச் சிலவே. குளோர்ஹெக்சிடின் 0.02%, பாலிஹெக்சானைடு 0.02% ஆகியவைதான் நெடுங்காலமாக அடிப்படை மருந்துகள். அவற்றோடு புரோபமிடின் சேர்ப்பதும் உண்டு. 0.08% பாலிஹெக்சானைடுக்கு ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் அனுமதி அளித்தது. முதல் நாட்களில் இரவு பகலாக மணிக்கு ஒரு முறை, பிறகு மாதக்கணக்கில் ஒரு நாளைக்குப் பல முறை என்று இந்தச் சொட்டுகளை விட வேண்டியிருக்கிறது. உங்கள் அக்கா அனுபவித்துவருவது இதைத்தான். வேறு வழி இருக்காதா என்று நீங்கள் தேடுவதில் எந்தத் தவறும் இல்லை.

ஒளியால் கொல்லலாம் என்ற எண்ணம் புதியதன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் மியூனிக் நகரில் ஆஸ்கார் ராப் என்ற மாணவர், ஃபான் தப்பைனர் என்ற பேராசிரியரின் வழிகாட்டுதலில், அக்ரிடின் சாயம் பாரமீசியம் என்ற ஒற்றைச் செல் உயிரியை எவ்வளவு நேரத்தில் கொல்கிறது என்று அளந்துகொண்டிருந்தார். ஒரே அளவு சாயம், ஒரே உயிரி. ஆனாலும் முடிவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. அறையில் இருந்த வெளிச்சம்தான் காரணம் என்று அவர் கண்டறிந்தார். சாயம் தனியாகப் பெரிதாக எதுவும் செய்யவில்லை. ஒளியும் தனியாகச் செய்யவில்லை. இரண்டும் சேர்ந்தபோது உயிரி மடிந்தது. இதற்கு ஆக்சிஜனும் வேண்டும் என்பது சில ஆண்டுகளில் தெளிவாயிற்று. சாயம் ஒளியை உறிஞ்சி, அந்த ஆற்றலைச் சுற்றியுள்ள ஆக்சிஜனுக்குக் கொடுக்கிறது. கிளர்ச்சியுற்ற அந்த ஆக்சிஜன் அருகில் உள்ள கொழுப்பையும் புரதத்தையும் சிதைக்கிறது. அதன் ஆயுள் மிகக் குறுகியது. பிறந்த இடத்திலிருந்து மிகச் சிறிய தொலைவே அதனால் செல்ல முடியும். எனவே சாயம் எங்கே போய்ச் சேர்கிறதோ அங்கேதான் சேதம் நிகழும். சாயம், ஒளி, ஆக்சிஜன் ஆகிய மூன்றும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டால், இந்தச் சிகிச்சையின் எல்லாச் சிக்கல்களும் அதிலிருந்தே விளங்கிவிடும்.

கண்ணுக்கு இரண்டு வகைச் சேர்க்கைகள் சோதிக்கப்பட்டிருக்கின்றன. ஒன்று ரைபோஃபிளேவினும் (வைட்டமின் பி2) புற ஊதா ஒளியும். இது கூம்பு வடிவக் கருவிழி நோய்க்காக ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் உருவானது. நோயாளிகளிடம் கிடைத்த முதல் முடிவுகள் 2003இல் வெளிவந்தன. கருவிழிக்கு உருவம் தரும் கொலாஜன் என்ற புரத இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து உறுதியாக்குவதே அதன் நோக்கம். பிறகு, தொற்று அரித்த கருவிழிக்கும் இது உதவாதா என்று கேட்டார்கள். மற்றது ரோஸ் பெங்கால் சாயமும் பச்சை ஒளியும். உலர் கண்ணைக் கண்டறிய மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்திவரும் செந்நிறச் சாயம்தான் அது. அமெரிக்காவின் மயாமி நகரில் உள்ள பாஸ்கம் பாமர் கண் நிலையத்தார் இதை முன்னெடுத்தார்கள். நீங்கள் படித்த 72 சதவீதம் அவர்கள் 2019இல் வெளியிட்ட கட்டுரையிலிருந்து வந்தது.

அந்த எண்ணை இப்போது பொறுமையாகப் பார்ப்போம். மருந்துக்குக் கட்டுப்படாமல் முற்றிக்கொண்டுபோன தொற்று உள்ள 18 பேருக்கு அவர்கள் ஒளிச் சிகிச்சை அளித்தார்கள். அவர்களில் 10 பேருக்கு அக்காந்தமீபா. மற்றவர்களுக்குப் பெரும்பாலும் பூஞ்சையோ பாக்டீரியாவோ. அவசரக் கருவிழி மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படாமல் போனால் அதை வெற்றி என்று கணக்கிட்டார்கள். அந்தக் கணக்கில் 72 சதவீதம். இது மிகவும் மதிக்கத்தக்க தொடக்கப் பணி. அவர்களும் இதைத் தொடக்கம் என்றுதான் சொன்னார்கள். ஆனால் அந்த 18 பேரும் சொட்டு மருந்தை நிறுத்தவில்லை. ஒளி இல்லாமல் சொட்டு மருந்தை மட்டும் தொடர்ந்திருந்தால் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள் என்பதற்கு ஒப்பிட்டுப் பார்க்க அங்கே யாரும் இல்லை. நோய் மிக மோசமாக இருக்கும் நேரத்தில்தான் புதிய சிகிச்சையை முயல்கிறோம். மிக மோசமான கட்டத்துக்குப் பிறகு சிலருக்கு எப்படியும் கொஞ்சம் தேறும். அந்தத் தேறுதலை ஒளியின் கணக்கில் எழுதிவிடும் அபாயம் ஒப்பீட்டுக் குழு இல்லாத எந்த ஆய்விலும் உண்டு.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. ஐரோப்பாவில் பல மையங்கள் சேர்ந்து பாலிஹெக்சானைடைச் சோதித்த பெரிய ஆய்வில், 135 பேர் சேர்க்கப்பட்டார்கள்; மருந்தை வெவ்வேறு விதமாகப் பெற்ற இரண்டு குழுக்களிலும் ஓராண்டுக்குள் 86 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் மருந்தாலேயே குணமடைந்தார்கள். 72ஐவிட 86 பெரியது, எனவே ஒளி தோற்றது என்று யாராவது சொன்னால் அதுவும் பிழை. மயாமிக்கு வந்தவர்கள் மருந்தில் ஏற்கெனவே தோற்றவர்கள். ஐரோப்பிய ஆய்வில் இருந்தவர்கள் அப்படிப்பட்டவர்கள் அல்லர். இரண்டு வேறு கூட்டத்தாரின் எண்களை அருகருகே வைத்துப் பேசுவது எந்தப் பக்கம் சாய்ந்தாலும் தவறுதான்.

ஆய்வகச் சோதனைகள் இதைத் தீர்த்துவைக்காதா என்று கேட்கலாம். எனக்கு நெருக்கமான பகுதி இது என்பதால் இங்கே சற்று நின்று சொல்கிறேன். கண்ணாடித் தட்டில் அமீபாவை வைத்து, சாயம் சேர்த்து, ஒளி பாய்ச்சி, எத்தனை இறந்தன என்று எண்ணுவது எளிதாகத் தோன்றும். நான்கு தட்டுகளாவது வேண்டும்: சாயமும் ஒளியும் சேர்ந்தது, சாயம் மட்டும் சேர்த்து இருட்டில் வைத்தது, ஒளி மட்டும் பட்டது, எதுவும் சேர்க்காதது. ஒளி மட்டும் பட்ட தட்டைப் பலர் அலட்சியப்படுத்துகிறார்கள். விளக்கின் சூட்டாலும் அமீபா சாகும் என்பதால், அந்தத் தட்டு இல்லாத ஆய்வை நான் நம்புவதில்லை.

அடுத்தது, இறந்தது என்று எப்படி முடிவு செய்வது? டிரைபான் நீலம் என்ற சாயம் செத்த செல்லுக்குள் நுழையும், உயிருள்ளதற்குள் நுழையாது. ஊர்ந்து திரியும் அமீபாவுக்கு இது ஓரளவு சரி. சிஸ்ட்டின் தடித்த சுவர் விஷயத்தில் இதை மட்டும் நம்பி இருக்க முடியாது. சத்தில்லாத அகார் என்ற கூழ் பரப்பிய தட்டில் ஈ.கோலை பாக்டீரியாவைப் பரப்பி, அதன்மேல் சிகிச்சை பெற்ற சிஸ்ட்டுகளை வைத்து, நாட்கணக்கில் காத்திருந்து, ஒன்றாவது கூட்டைவிட்டு வெளியே வந்து பாக்டீரியாவைத் தின்று தடம் பதிக்கிறதா என்று பார்ப்பதுதான் உறுதியான சோதனை. அதிலும் முதிர்ந்த சிஸ்ட்டைப் பயன்படுத்த வேண்டும். இரண்டு மூன்று நாள் வயதான சிஸ்ட்டின் சுவர் முழுமை பெற்றிருக்காது. அதைக் கொன்றுவிட்டு வெற்றி என்று எழுதுவது எளிது. நோயாளியின் கருவிழியில் மாதக்கணக்கில் புதைந்திருப்பது முதிர்ந்த சிஸ்ட்தான். அத்துடன், ஒளியின் அளவு குறைவாக இருந்தால் அமீபா சாவதற்குப் பதிலாகக் கூட்டுக்குள் ஒடுங்கிவிடுமா என்பதையும் பார்த்தாக வேண்டும், ஏனெனில் பாதிப்பு வரும்போது ஒடுங்குவதே அதன் இயல்பு. அப்படி ஆனால் சிகிச்சை நோயை மேலும் பிடிவாதமாக்கிவிடும்.

ரைபோஃபிளேவின் விஷயத்தில் ஆய்வகச் சோதனையும் நோயாளி அனுபவமும் முரண்பட்டன என்பது சிந்திக்கத்தக்கது. 2011இல் வெளியான ஓர் அறிக்கை, மருந்துக்கு அடங்காத அக்காந்தமீபா புண் உள்ள மூவருக்கு ரைபோஃபிளேவினும் புற ஊதாவும் அளித்தபோது புண் ஆறியது என்றது. அதே காலத்தில் கண்ணாடித் தட்டிலும் முயல்களின் கண்ணிலும் அதே சேர்க்கையைச் சோதித்தவர்கள், அமீபாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று எழுதினார்கள். நோயாளிகளில் புண் ஆறியதற்குக் கருவிழி இறுகியது காரணமாக இருக்கலாம். தொடர்ந்து விட்ட சொட்டு மருந்து காரணமாக இருக்கலாம். அமீபா செத்ததால்தான் ஆறியது என்று மட்டும் முடிவுகட்ட முடியாது. இரண்டையும் ஒன்றாகப் படித்தவர்களுக்கே குலுக்கல் ஆய்வின் தேவை முழுதாகப் புரியும்.

ஆழம் என்பது மற்றொரு பெரிய கேள்வி. கருவிழியின் நடுப்பகுதி ஏறத்தாழ 540 மைக்ரான் தடிமன், அதாவது அரை மில்லிமீட்டர் சொச்சம். ரோஸ் பெங்கால் கொலாஜனோடு ஒட்டிக்கொள்ளும் குணமுடையது என்பதால் மேற்புறத்து 100 மைக்ரான் அளவிலேயே பெரும்பாலும் தங்கிவிடுகிறது. மேலோட்டமான தொற்றுக்கு இது நல்ல செய்தி. கருவிழியின் அடிப்புறத்தில் இருக்கும் எண்டோதீலியம் என்ற மீண்டும் வளராத செல் அடுக்குக்கும் நல்ல செய்தி. ஆனால் தொற்று 300 மைக்ரானுக்குக் கீழே இறங்கிவிட்டவருக்கு, சாயமே சென்று சேராத இடத்தில் ஒளி மட்டும் போய் என்ன செய்யும்? ரைபோஃபிளேவின் இன்னும் ஆழமாக ஊடுருவும். ஆனால் 400 மைக்ரானுக்குக் குறைவாக மெலிந்த கருவிழியில் புற ஊதா எண்டோதீலியத்தைப் பாதிக்கும் என்ற அச்சம் உண்டு. புண் அரித்த கருவிழி மெலிந்துதான் இருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். பச்சை ஒளிக்கு இன்னொரு கவலையும் உண்டு. அது கண்ணுக்குத் தெரியும் ஒளி என்பதால், சாயம் உறிஞ்சாமல் விட்ட பகுதி விழித்திரைவரை போகும். விழித்திரைக்குப் பாதுகாப்பான அளவு எது என்பதைத் தனியாகக் கணக்கிட்டாக வேண்டும்.

ஒளியின் அளவைப் பற்றி ஒரு சிறிய கணக்கு. டிரெஸ்டன் முறையில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 3 மில்லிவாட் வீதம் 30 நிமிடம், மொத்தம் 5.4 ஜூல். மயாமி முறையில் 6 மில்லிவாட் வீதம் 15 நிமிடம்; அதுவும் 5.4 ஜூல்தான். கூட்டுத்தொகை ஒன்றாக இருப்பதால் விளைவும் ஒன்றாக இருக்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. வேகமாகப் பாய்ச்சினால் திசுவில் உள்ள ஆக்சிஜன் சில விநாடிகளிலேயே தீர்ந்துபோகிறது. வெளிக்காற்றிலிருந்து அது மீண்டும் ஊறிவர நேரம் வேண்டும். நேரத்தை மிச்சப்படுத்த ஒளியைப் பல மடங்கு கூட்டி, நிமிடங்களைக் குறைக்கும் கருவிகள் சந்தையில் இருக்கின்றன. அமீபாவின் விஷயத்தில் அந்தக் குறுக்குவழியைத் தனியாகச் சோதிக்காமல் ஏற்கக் கூடாது. உங்கள் அக்காவுக்குக் கொடுக்கப்போவது எந்த ஒளி, எவ்வளவு மில்லிவாட், எத்தனை நிமிடம் என்று தயங்காமல் கேளுங்கள். ஆய்வு ஒழுங்கானதாக இருந்தால் இந்த எண்கள் ஆய்வின் திட்ட ஆவணத்தில் எழுதப்பட்டிருக்கும். விளக்கின் வீரியத்தை ஒவ்வொரு முறையும் மானி வைத்து அளந்து குறித்தும் வைப்பார்கள்.

நல்ல எண்ணத்தோடு செய்த ஒளிச் சிகிச்சை தீங்காகவும் முடியலாம் என்பதை நமக்குக் கற்றுத்தந்தது நம் தமிழகமே. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை சார்ந்த ஆய்வாளர்கள், ஆழமான பூஞ்சைப் புண்ணில் ரைபோஃபிளேவின் ஒளிச் சிகிச்சையைக் குலுக்கல் முறையில் சோதிக்கத் தொடங்கி, ஒளி பெற்றவர்களிடம் கருவிழி ஓட்டை விழுவது அதிகமாக இருந்ததால் ஆய்வைப் பாதியிலேயே நிறுத்தினார்கள். அதன் முடிவு 2015இல் வெளியானது. பிறகு, அவ்வளவு முற்றாத பூஞ்சைப் புண் உள்ள 111 பேரிடம் செய்த ஆய்வு 2020இல் வெளிவந்தது. ஒளி சேர்த்ததால் கிருமி விரைவாக அழியவில்லை. அதைவிட முக்கியமாக, ஒளி பெற்றவர்களின் பார்வை பெறாதவர்களைவிடச் சராசரியாகப் பார்வை அட்டையில் இரண்டு வரிகளுக்கு மேல் குறைவாக இருந்தது. அதற்கு முன்புவரை ஒளி சேர்ப்பதால் நன்மை இல்லாவிட்டாலும் கெடுதல் இல்லை என்று நினைத்த மருத்துவர்கள் உலகெங்கும் இருந்தார்கள். பூஞ்சை வேறு, அமீபா வேறு. ரைபோஃபிளேவின் வேறு, ரோஸ் பெங்கால் வேறு. எனவே அந்த முடிவை உங்கள் அக்காவின் கண்ணுக்கு நேரடியாகப் பொருத்த முடியாது. ஆனால் "கொடுத்துத்தான் பார்ப்போமே" என்ற மனநிலைக்கு அது அழுத்தமான எச்சரிக்கை. அதே அரவிந்த் நிறுவனமும் அமெரிக்கக் குழுக்களும் சேர்ந்து, பூஞ்சையோடு அக்காந்தமீபாவையும் உள்ளடக்கி, ரோஸ் பெங்கால் ஒளியைப் போலி ஒளியோடு ஒப்பிடும் 330 பேருக்கான ஆய்வை வடிவமைத்தது அந்த அனுபவத்துக்குப் பிறகுதான்.

போலி ஒளி என்ற சொல்லைக் கேட்டு ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள். அந்தக் குழுவில் உள்ளவருக்கும் முழு வீரியச் சொட்டு மருந்து கிடைக்கிறது. ஒளி பெறுவதைப் போன்ற நடைமுறை மட்டும் நடக்கிறது. தனக்கு ஒளி கிடைத்தது என்று தெரிந்தவர் நம்பிக்கையோடு ஒழுங்காக மருந்து விடுவார். கிடைக்கவில்லை என்று தெரிந்தவர் சோர்ந்து பாதியில் விட்டுவிடுவார். பிறகு வரும் வித்தியாசம் ஒளியாலா, சொட்டு மருந்தாலா என்று யாராலும் சொல்ல முடியாது. பார்வை அட்டையைப் படிக்கச் சொல்லி அளப்பவருக்கும் யாருக்கு எது என்று தெரியாமல் இருப்பது இதே காரணத்துக்காகத்தான். "இன்னும் ஒரு வரி, படித்துப் பாருங்கள்" என்று அவர் ஒருவரை மட்டும் ஊக்கப்படுத்தினாலே கணக்கு மாறிவிடும்.

குலுக்கலைப் பற்றிச் சென்னைக்காரர்கள் சங்கடப்பட வேண்டியதில்லை. 1956இல் சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையத்தில், நோயாளிகளில் யாருக்குச் சானடோரியம் என்ற காசநோய் மருத்துவ விடுதியில் சிகிச்சை, யாருக்கு வீட்டிலேயே சிகிச்சை என்று குலுக்கல் முறையில் பிரித்தார்கள். நல்ல உணவும் ஓய்வும் காற்றோட்டமும் உள்ள சானடோரியத்தில் இருப்பவர்களே பிழைப்பார்கள் என்று எல்லா நாட்டு மருத்துவர்களும் நம்பிய காலம் அது. நெரிசலான வீடுகளில் இருந்தபடி மாத்திரை சாப்பிட்ட ஏழைகளும் ஏறத்தாழ அதே அளவு குணமடைந்தார்கள் என்று 1959இல் வெளியான முடிவு காட்டியது. உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சை வீட்டுக்கு வந்தது அதற்குப் பிறகே. யாருக்கு எது நல்லது என்று உண்மையாகவே தெரியாத நிலையில் குலுக்கல்தான் நேர்மையான வழி.

இனி, என்னை மிகவும் கவலைப்படவைக்கும் இடத்துக்கு வருகிறேன். அக்காந்தமீபா தொற்று அரிதானது. அதனால் ஆய்வுகளும் சிறியவையாகவே இருக்கின்றன. சொட்டு மருந்தால் மட்டும் 85 சதவீதம் குணமாகிறது, ஒளி சேர்த்தால் அது 92 ஆகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்த வித்தியாசத்தை நம்பகமாகக் கண்டுபிடிக்க ஒவ்வொரு குழுவிலும் 320 பேர் அளவில் வேண்டும். ஐரோப்பாவில் பல மையங்களில் தேடியும் மொத்தம் 135 பேரைத்தான் சேர்க்க முடிந்தது என்று மேலே சொன்னேன். எனவே "குணமானாரா" என்ற ஒற்றைக் கேள்வியை மட்டும் கேட்கும் ஆய்வால் ஒளியின் பயனை நிறுவவும் முடியாது, மறுக்கவும் முடியாது. ஆறு மாதம் கழித்துக் கண்ணாடி போட்டு எவ்வளவு பார்வை, தழும்பு எவ்வளவு, கருவிழி மாற்று தேவைப்பட்டதா, எத்தனை மாதம் மருந்து விட வேண்டியிருந்தது என்பவற்றை அளப்பது நல்லது. நோயாளிக்கு வேண்டியதும் அதுதான். சேரும்போது தொற்றின் ஆழம் என்ன, முன்பே ஸ்டீராய்டு விட்டாரா, நோய் தொடங்கி எத்தனை வாரம் என்பவற்றைப் பதிவுசெய்து, அவற்றின்படி இரு குழுக்களையும் சமப்படுத்த வேண்டும். முற்றிய நோயாளிகள் ஒரு பக்கம் குவிந்துவிட்டால் சிறிய ஆய்வு எளிதில் தடம் மாறிவிடும்.

உயிருள்ள கண்ணில் அமீபா செத்துவிட்டதா என்று பார்ப்பதும் எளிதன்று. கருவிழியை அடுக்கடுக்காகப் படமெடுக்கும் கான்ஃபோகல் நுண்ணோக்கியில் தெரியும் பளபளப்பான சிஸ்ட் இறந்ததாகவும் இருக்கலாம். கூடு கரையப் பல மாதம் ஆகும். பி.சி.ஆர். சோதனை செத்த அமீபாவின் மரபணுவையும் காட்டும். இறந்த சிஸ்ட்டே அழற்சியைத் தூண்டிக் கண்ணைச் சிவக்க வைக்கவும் செய்யும். எனவே, சிகிச்சைக்கு மறுவாரம் ஸ்கேனில் இன்னும் சிஸ்ட் தெரிகிறது என்பதற்காக ஒளி தோற்றது என்றோ, வலி குறைந்துவிட்டது என்பதற்காக ஒளி வென்றது என்றோ முடிவுகட்டாதீர்கள்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லிவிட வேண்டும். விழித்திரையில் சிறு புழு ஒன்று ஊர்ந்து பார்வையைக் கெடுக்கும் அரிய நோய் உண்டு. அங்கே மருத்துவர் புழுவைக் கண்ணால் கண்டு லேசரால் சுட்டுக் கொல்கிறார். புழு அசைவற்றுப் போவது அப்போதே தெரிகிறது. அதற்குக் குலுக்கல் ஆய்வு கேட்பவர் யாரும் இல்லை. அது வெப்பத்தால் கொல்வது, சாயத்தோடு தொடர்பில்லாதது. "லேசரால் கண் புழுவைக் கொன்றார்கள்" என்ற செய்தியையும் உங்கள் அக்காவின் சிகிச்சையையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இப்போது உங்கள் கேள்விக்கு நேராக வருகிறேன். அந்த ஆய்வு இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில், அதாவது சி.டி.ஆர்.ஐ.யில் பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். 2009 ஜூன் முதல் இத்தகைய பதிவு கட்டாயம். முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே பதிந்திருக்க வேண்டும். எதை முதன்மை முடிவாக அளக்கப்போகிறார்கள் என்பதும் அதில் இருக்கும். நோயாளிகளின் நலனைக் காக்கும் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா என்று கேளுங்கள். ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாங்கி, வீட்டுக்குக் கொண்டுவந்து, அக்காவும் நீங்களும் சேர்ந்து நிதானமாகப் படியுங்கள். அன்றே கையெழுத்துப் போட யாரும் வற்புறுத்தக் கூடாது. ஆய்வால் பாதிப்பு வந்தால் இலவசச் சிகிச்சைக்கும் இழப்பீட்டுக்கும் 2019ஆம் ஆண்டுப் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவச் சோதனை விதிகள் வழிசெய்கின்றன. படிவத்தில் அது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். எப்போது வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் விலகலாம். விலகினால் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. ஒளிச் சிகிச்சைக்கு நோயாளியிடம் கட்டணம் கேட்டால் அதைச் சோதனை என்று நான் மதிக்க மாட்டேன்.

மருத்துவரிடம் இரண்டு விஷயங்களைக் கட்டாயம் கேளுங்கள். அக்காவின் தொற்று எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது? கருவிழி எவ்வளவு தடிமன் மிஞ்சியிருக்கிறது? மேற்புறத்து மூன்றில் ஒரு பகுதிக்குள் தொற்று நின்று, கருவிழி மெலியாமல் இருந்தால், ரோஸ் பெங்கால் ஆய்வில் சேர்வதை நான் ஆதரிப்பேன். தொற்று அடிவரை இறங்கியிருந்தாலோ கருவிழி ஓட்டை விழும் நிலையில் இருந்தாலோ, ஒளிக்காகக் காத்திருக்காமல் கருவிழி மாற்று அறுவை சிகிச்சையைப் பற்றி இப்போதே பேசத் தொடங்குங்கள். எழும்பூர் அரசு கண் மருத்துவமனையில் அதற்கான வசதி உண்டு. எந்த வழியில் போனாலும், மருத்துவர் சொல்லும்வரை குளோர்ஹெக்சிடின் சொட்டை ஒரு வேளைகூட விடாமல் தொடரட்டும். முகம் கழுவும்போது தொட்டித் தண்ணீர் அந்தக் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு சொட்டை மருத்துவர் எழுதிக்கொடுக்காமல் கடையில் வாங்கவே வேண்டாம்.